ரோமாபுரியும் என் வயிற்றெரிச்சலும்

பொறாமைப்பட ஊரில் ஆளா இல்லை? எதிர்வரிசைக்காரர் புது மொபெட் வாங்கினார். ஆபீசில் எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்கு ஃபேனுக்கு நேர் கீழே மேஜை கிடைத்தது. முறைப்படி நான் அவர்களைப் பார்த்துத்தான் வயிறெரிந்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்து மண்ணாகிப்போன ரோமர்களைப் பார்த்து வயிறெரிந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு மழைக்காலம் முழுக்க. எண்பதுகளின் நடுவில், செஞ்சியில், எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிரம்பாத சமயத்தில்.

ரோமாபுரி ஆம்பளைகளுக்கு ஆளுக்கு மூன்று பெயர் உண்டு. நான் இங்கே யாருக்கும் ஒரு பெயர்கூடத் தரப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்கள். அதில் ஒருத்தர் எனக்குச் சோறு போடுகிறவர்.

அந்த ஒருத்தர் என் மனைவி. வல்லத்துக்காரி. பன்னிரண்டாவது முடித்ததும் அவளுடைய நைனா, "பஸ் ஏறிப் போய்ப் படிச்சது போதும்" என்று சொல்லிவிட்டார். அவள் விடவில்லை. தபாலில் பி.ஏ. வரலாறு சேர்ந்துவிட்டாள். தபால்காரர் கொண்டுவந்து போடுகிற பாடக்கட்டுகளை வைத்துக்கொண்டு, சொல்லித்தர நாதியில்லாமல், தானாகவே படித்து ஒவ்வொரு பேப்பராகத் தாண்டினாள். நான் பெண் பார்க்கப் போனபோது ஒரே ஒரு பேப்பர் பாக்கி. "அந்த ஒண்ணை முடிக்க உடுவீங்களா?" என்றுதான் முதல் வார்த்தையே கேட்டாள். நானும் பி.ஏ. வரலாறு. காபி டம்ளரைக் கீழே வைக்காமலேயே, "உடறதா? நானே சொல்லித் தரேன்" என்றேன்.

பாக்கி இருந்த பேப்பரின் பெயர் 'பண்டைய உரோமர் வரலாறும் இலக்கியமும்'. எங்கள் பத்திர ஆபீசில் அந்தக் கட்டின் மேலட்டையைப் பார்த்துவிட்டு ஒருவர், "இன்னாய்யா, உரோமத்தைப் பத்திக்கூட பாடம் வந்துடுச்சா? உன் மண்டைக்குத்தான் உபயோகப்படும்" என்றார். அப்போதே எனக்கு முன்நெற்றி கொஞ்சம் விசாலம்தான்.

சொல்லித் தந்தேன். செஞ்சிக்கு மூணு மலை, ரோமுக்கு ஏழு மலை, நமக்கு நாலு மலைதான் கம்மி என்று ஆரம்பித்தேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்தால் நான் நிறுத்தமாட்டேன். 'ரெஸ் பப்ளிகா' என்று ஒரு சொல் வந்தது. எனக்குச் சத்தியமாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லுகிற வழக்கம் அப்போது கிடையாது. "பப்ளிகான்னா பப்ளிக். ரெஸ்ஸுன்னா ரெஸ்ட்டு. பொதுஜனம் ஓய்வெடுக்கற எடம். நம்ம ஊரு சத்திரம் மாதிரி" என்றேன். பாவி மகள் நம்பினாள். மே மாதப் பரீட்சையில் 'ரெஸ் பப்ளிகா, சிறுகுறிப்பு வரைக' என்று கேட்டுவிட்டான். குடியரசு என்று எழுத வேண்டிய இடத்தில், ரோமானியச் சத்திரங்களில் பயணிகளுக்குத் தண்ணீரும் படுக்கையும் இலவசம் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு வந்தாள்.

மற்ற எல்லாப் பேப்பரையும் வல்லத்தில் யார் உதவியும் இல்லாமல் பாஸ் பண்ணியவள், என் உதவி கிடைத்த ஒரே பேப்பரில் ஃபெயில்.

அது வெறும் ஃபெயிலாக இருந்தால் பரவாயில்லை. அவலூர்பேட்டையில் புதிதாக ஆரம்பித்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில், அடுத்த ஜூனுக்கு வரலாறு டீச்சர் வேண்டும் என்றார்கள். இவளைப் பார்த்ததும் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. "டிகிரி கையில இருந்தா எடம் உனக்கும்மா. இல்லன்னா வேற பொண்ணு ஒண்ணு கேட்டுக்கினு இருக்குது" என்று சொல்லிவிட்டார்கள். டிசம்பரில் மறுபடி பரீட்சை. அதில் போனால் எல்லாம் போச்சு. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நான் செய்த காரியத்துக்கு அறியாமல் செய்தேன் என்று சாக்குச் சொல்ல முடியாது.

நாங்கள் குடியிருந்தது பஜாரில் மெத்தைக் கடை வைத்திருந்த ஒரு பாய் வீட்டின் பின்கட்டில். முன்கட்டில் பாயும் பாயம்மாவும். மாடியில் ஒற்றை அறை. ஆகஸ்டில் அந்த அறைக்கு ஒரு வாத்தியார் குடிவந்தார். என் வயசுதான் இருக்கும். பாதிரியாராவதற்குச் சில வருஷம் படித்து, நடுவில் வேண்டாம் என்று வெளியே வந்து, ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்தவர். ஆள் ஒல்லி. தலைநிறைய முடி. அதை நான் முதல் நாளே கவனித்தேன்.

ஒருநாள் சாயந்திரம் இவள் கிணற்றடியில் உட்கார்ந்து சத்தமாக மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். நான் துணி உலர்த்துகிற கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். "ரெஸ் பப்ளிகா, ரெஸ் பப்ளிகா" என்று இவள் சொல்ல, மேலேயிருந்து ஒரு குரல், "ரேஸ் பூப்ளிகா" என்றது.

நிமிர்ந்து பார்த்தோம். மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே அந்த முடி.

"மன்னிக்கணும். காதுல விழுந்துச்சு. அது லத்தீன். பொதுக்காரியம்னு அர்த்தம். அதுலேர்ந்துதான் குடியரசு."

இவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "சத்திரம் இல்லீங்களா?" என்று அவரிடம் கேட்டாள்.

"சத்திரமா?"

நான் கயிற்றில் முடிச்சுப் போடுவதில் மும்முரமானேன். அந்த முடிச்சை அப்புறம் யாராலும் அவிழ்க்க முடியவில்லை, அறுத்துத்தான் எடுத்தோம்.

இப்படித்தான் பாடம் ஆரம்பித்தது. வாத்தியாருக்கு லத்தீன் தெரியும். பாதிரியாருக்குப் படித்தபோது நான்கு வருஷம் அதுதானாம் பாடம். ரோமானியக் கவிதைகளை மூலத்திலேயே வாசித்த மனுஷன் செஞ்சியில் மெத்தைக் கடைக்காரர் வீட்டு மாடியில் இருக்கிறார் என்றால் யாருக்குத்தான் அதிர்ஷ்டம் என்று தோன்றாது? எனக்குத் தோன்றவில்லை. "சாயந்திரம் ஒரு மணி நேரம் சொல்லித் தரேன், பாயம்மா வீட்டுக் கூடத்துல" என்றார். பாயம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பார். எல்லாம் ஒழுங்கு, மரியாதை, கதவு அகலத் திறந்து கிடக்கும். குறை சொல்ல ஒரு இண்டு இடுக்கு இல்லை. அதுதான் எனக்குப் பெரிய குறை.

எனக்கு ஆபீஸ் விட்டு வர ஆறு மணி ஆகும். பாடம் ஐந்திலிருந்து ஆறு. நான் வரும்போது கூடத்து வாசலில் அவருடைய தோல் செருப்பு ஒரு ஜோடி இருக்கும். அதற்கும் இவளுடைய ரப்பர் செருப்புக்கும் நடுவில் எத்தனை சாண் இடைவெளி என்பதை நான் கண்ணாலேயே அளப்பேன். பத்திர ஆபீஸ்காரன் புத்தி. வடக்கே வாத்தியார் செருப்பு, தெற்கே என் சம்சாரம் செருப்பு, கிழக்கே பாயம்மா துடைப்பம், மேற்கே வாசல்படி. இந்த நான்கு எல்லைக்குள் அடங்கிய என் நிம்மதி.

வீட்டுக்கு வந்தால் ரோமாபுரிதான் பேச்சு.

"செனட்டுன்னா இன்னா தெரியுமாங்க? கெழவனுங்க கூட்டம்னு அர்த்தமாம்."

"அப்படியா."

"ரோமாபுரியில பொம்பளைங்களுக்குத் தனிப் பேரே கெடையாதாம். அப்பன் குடும்பப் பேரத்தான் பொண்ணுக்கு வெப்பாங்களாம். மூணு பொண்ணுன்னா மூணுக்கும் அதே பேரு. பெரியவ, ரெண்டாமவ, மூணாமவ. அவ்ளோதான்."

"சாம்பார்ல உப்பு கம்மி."

"வாத்தியாரு சொன்னாரு..."

இந்த இடத்தில் நான் இன்னும் கொஞ்சம் உப்பு கேட்பேன். அவர் என்ன சொன்னாலும் சரி, 'வாத்தியாரு சொன்னாரு' என்கிற அந்த இரண்டு வார்த்தை. கல்யாணமான புதிதில் அவள் தன் அம்மாவிடம் "அவரு சொன்னாரு" என்று என்னைப் பற்றி இதே ராகத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ராகம் அப்படியே இருக்க, ஆள் மட்டும் மாறிவிட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை. போட்டிக்கு இறங்கினேன். அவளுடைய பாடக்கட்டைத் திருட்டுத்தனமாக ஆபீசுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். கிரயப் பத்திரத்தை நகல் எடுக்கும்போது பாதி மூளை ரோமாபுரியில் இருந்ததால், அவலூர்பேட்டையில் இருந்த ஒரு கொல்லையின் கிழக்கு எல்லை 'டைபர் நதி' என்று எழுதிவிட்டேன். நல்லவேளையாகச் சரிபார்க்கிறவர் கண்டுபிடித்தார். "எந்த ஏரிக்குப் போற வாய்க்கால்யா இது?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பரில் ஒருநாள் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டேன். வயிற்று வலி என்று எழுதிக் கொடுத்தேன். பொய்யில்லை. ஐந்தே காலுக்கு வீட்டுக்கு வந்து, முன்வாசல் வழியாகப் போகாமல் பக்கத்துச் சந்தில், கூடத்து ஜன்னலுக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டியோடு தொட்டியாக நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. குடை இருந்தது. விரித்தால் தெரியும் என்று விரிக்கவில்லை.

உள்ளே வாத்தியார் குரல், நிதானமாக, என்னவோ கேட்டது. கேள்வி விளங்கவில்லை. பதில் விளங்கியது.

"ஆமோ" என்றாள் இவள். கொஞ்சம் கூச்சத்தோடு.

"ம்" என்றார் அவர்.

"ஆமா..." ஏதோ ஒரு சின்னச் சத்தம் பின்னால் ஒட்டியது. தூறலில் சரியாகக் கேட்கவில்லை.

"ம்."

"ஆமா..."

"அப்புறம்?"

"ஆமாமு..." என்றாள் என் பெண்டாட்டி, தெம்பாக. கூடத்தில் சிரிப்பு.

நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். அந்த மனுஷன் என்ன கேட்டிருந்தால் ஒரு பெண் கூச்சத்தோடு ஆரம்பித்து, தயங்கி, தைரியம் வந்து, 'ஆமா, ஆமா, ஆமாம்' என்று முடிப்பாள்? என்னிடம் பெண் பார்க்கும்போதுகூட அவள் ஒரு தடவைதான் தலையாட்டினாள். நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மூன்று டீ குடித்தேன். நான்காவது கேட்டபோது டீக்கடைக்காரர், "இன்னா சார், வீட்ல யாருக்காச்சும் முடியலியா?" என்றார்.

வீட்டுக்குத் திரும்பி, ஈரத்தலையோடு, ரொம்பத் தற்செயலாகக் கேட்டேன். "இன்னிக்கு இன்னா பாடம்?"

"லத்தீனு! கவிதையெல்லாம் எப்டி இருக்கும்னு தெரியணும்னா நாலு வார்த்தையாச்சும் தெரியணுமாம். ஆமோ, ஆமாஸ், ஆமாத். ஆமாமுஸ், ஆமாத்திஸ், ஆமாந்த்."

ஆகா! 'ஆமா' இல்லை, ஆமோ. லத்தீன். வெறும் பாடம். என் உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் எங்கே நிறுத்துவேன்?

"அப்டின்னா இன்னா அர்த்தம்?"

"நான் நேசிக்கிறேன், நீ நேசிக்கிறாய், அவன் நேசிக்கிறான், நாம் நேசிக்கிறோம்..."

இறங்கிய மூட்டை இரண்டாகத் திரும்பி ஏறியது.

"ஏன்," என்றேன், குரலை எங்கேயோ தேடி எடுத்து, "ரோமாபுரியில வேற வேலையே கெடையாதா? நடக்கிறேன், தின்கிறேன், தூங்குகிறேன், இதெல்லாம் இல்லியா?"

"எல்லாருக்கும் மொதல்ல இதத்தான் சொல்லித் தருவாங்களாம். இலக்கணப் புஸ்தகமே இப்டித்தான் ஆரம்பிக்குதாம்."

பாதிரியாராகப் போகிறவர்களுக்கு முதல் பாடம் நான் நேசிக்கிறேன்! இதை நான் நம்ப வேண்டுமாம். மறுநாள் காலையில் பாயம்மாவிடம் துப்பறியப் போனேன். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"பாயம்மா, நேத்து கூடத்துல ஒரே சிரிப்பு சத்தம் கேட்டுதே?"

"அதா தம்பி, நானும்தான் படிச்சேன்!" முறத்தை நிறுத்திவிட்டு, ஒரு கையை ஆட்டி, "ஆமோ, ஆமாஸ், ஆமாத்" என்று ஒப்பித்தார். "ராத்திரி எங்க பாய் கிட்ட சொன்னேன். எதுக்கு சும்மா ஆமா ஆமான்ற, மொதல்ல நான் இன்னா கேட்டேன்னு சொல்லுன்றாரு. தம்பி, உனக்கு வயித்து வலி எதுனா இருக்குதா? மொகம் ஒரு மாதிரி இருக்குது."

பாயம்மாவுக்கு வந்தது சிரிப்பு, பாய்க்கு வந்தது குழப்பம், எனக்கு வந்தது மட்டும் வியாதி. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

டிசம்பர் ஆரம்பத்தில் ஹால் டிக்கெட் வந்தது. தபால் வீட்டுக்கு வந்தால் மழையில் நனையும் என்று நான்தான் என் ஆபீஸ் விலாசம் கொடுக்கச் சொல்லியிருந்தேன். பழுப்பு உறை. பிரித்துப் பார்த்தேன். அவளுடைய போட்டோ. காதில் கம்மல் ஒன்று சரியாகத் தெரிகிறது, ஒன்று தெரியவில்லை. விழுப்புரத்தில் மையம். அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் புதன்கிழமை.

அதை என் மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

ஒளித்து வைக்கவில்லை. இதை அப்போது எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஒளிப்பது வேறு, எடுத்துக் கொடுக்காமல் இருப்பது வேறு. சாயந்திரம் கொடுக்கலாம் என்று நினைப்பேன். வீட்டுக்கு வந்தால், கூடத்திலிருந்து அந்தச் சிரிப்பு கேட்கும். நாளைக்குக் கொடுக்கலாம் என்று தோன்றும். பரீட்சை இல்லை என்றால் பாடம் இல்லை. பாடம் இல்லை என்றால் செருப்பு இல்லை. என் கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கில் அவலூர்பேட்டை எங்கே போயிற்று என்று கேட்டால், போயிற்று, அவ்வளவுதான். ஒரு வாரம் கழிந்தது.

அவளுக்குக் கவலை வந்துவிட்டது. தினமும், "தபால் வந்துச்சா?" என்பாள். "வரும், வரும்" என்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சொன்னாள்: "வாத்தியாரு திங்கக்கெழம லீவு போட்டு மெட்ராஸ் போறேன்னாரு. யுனிவர்சிட்டி ஆபீஸ்ல நேர்ல கேட்டு, ஹால் டிக்கெட்டு நகல் வாங்கியாரேன்னாரு."

பாருங்கள் என் யோக்கியதையை. மாட்டிக்கொள்ளப் போகிறோமே என்கிற பயம் அப்புறம்தான் வந்தது. அதற்கு முன்னால் வந்தது பொறாமை. என் பெண்டாட்டிக்காக இன்னொருத்தன் மெட்ராஸ் போவதா? நான் போகக் கூடாதா? போய் என்ன கேட்பது, என் இழுப்பறையில் இருப்பதைத் தாருங்கள் என்றா?

"சரி" என்றேன்.

"நான் இன்னிக்கு சாயந்திரம் வல்லத்துக்குப் போறேன். அம்மா வீட்ல உக்காந்து படிக்கிறேன். மூணு ராத்திரி இருந்துட்டு திங்கக்கெழம வரேன்."

"அது இன்னா கணக்கு, மூணு ராத்திரி?"

அவள் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள். "ரோமாபுரியில பழைய சட்டம் ஒண்ணு இருந்துச்சு. பொண்டாட்டி ஒரு வருஷம் உடாம புருஷன் வீட்ல இருந்தா, அவ அவனோட கைக்குள்ள வந்துடுவா. நெலம் மாதிரி, மாடு மாதிரி. ஆனா வருஷத்துல சேந்தாப்ல மூணு ராத்திரி வெளிய தங்கிட்டா, அது செல்லாது. அவ அவளாவே இருப்பா. மாசி வந்தா நமக்கு ஒரு வருஷம்."

எனக்குள் இருந்த பத்திர ஆபீஸ்காரன் விழித்துக்கொண்டான். "ஆடிக்கு ஒரு மாசம் அம்மா வீட்ல இருந்தியே? முப்பது ராத்திரி! அது சேராதா?"

"அது ஆடின்னு நீங்க அனுப்சது. இது நானா போறது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளி முடிந்தது. சனிக்கிழமை நான் ரசம் வைத்து, அதைப் பார்த்து எனக்கே பரிதாபம் வந்து, பாயம்மா கொடுத்ததைச் சாப்பிட்டேன். விளையாட்டுக்குத்தான் சொன்னாள் என்று ஒரு மனசு சொல்லியது. இன்னொரு மனசு, இரண்டு ராத்திரி ஆச்சு, இரண்டு ராத்திரி ஆச்சு என்று எண்ணிக்கொண்டிருந்தது. இல்லாத ஊரின் இல்லாத சட்டத்துக்குப் பயந்து நடுங்கிய ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸ் காவல்காரரைக் கெஞ்சிக் கதவைத் திறக்கச்சொல்லி, உறையை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வல்லம் பஸ் ஏறினேன். மூன்றாவது ராத்திரி விழுவதற்குள் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது திட்டம்.

மாமியார் வீட்டுப் பின்பக்கம், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில், அவள் தன் அம்மாவோடு உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உடைத்து, கடலையைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாடக்கட்டு விரித்து, பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு கல். என்னைப் பார்த்ததும் மாமியார், "வாங்க மாப்ள, சொல்லாம கொள்ளாம... இருங்க, கோழி புடிக்கச் சொல்றேன்" என்று எழுந்து போனார். கோழி பிடிக்கிற நேரம்தான் எனக்குக் கிடைத்த நேரம்.

உறையை எடுத்து நீட்டினேன். மழையிலும் வியர்வையிலும் ஓரம் ஊறியிருந்தது.

முகம் மலர்ந்து வாங்கினாள். "வந்துடுச்சா! எப்ப?" என்றவள், உறையின்மேல் இருந்த தபால் முத்திரையைப் பார்த்தாள். வரலாறு படித்தவளுக்குத் தேதி பார்க்கத் தெரியாதா?

"இது பன்னெண்டு நாளுக்கு முன்னாடி போட்டது."

"ஆமா" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்லி மாளாது.

"எங்க இருந்துச்சு?"

"என் மேஜையில."

"மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவளே வழி எடுத்துக் கொடுத்தாள். வாய் வரை வந்தது. ஆனால் அவள் கையில் இருந்த மல்லாட்டையை உடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தாள்.

"இல்ல. நீ பரிச்ச எழுதலன்னா, அந்தாளு கிட்ட பாடம் கேக்க மாட்டியேன்னு..."

சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது. அவள் ஓ என்று அழுவாள், கத்துவாள், முறத்தைத் தூக்கி அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"அவலூர்பேட்ட போயிருக்குமே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதுவும் என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்குத்தானே விசாரித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

வழக்கம்போல ஒரு ஜோக் அடிக்கப் பார்த்தேன். "சரி, கெளம்பு. அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிடலாம். மூணாவது ராத்திரி ஆயிட்டா அப்புறம் ரோமாபுரி சட்டப்படி..."

"மூணாவது ராத்திரியும் இங்கதான்" என்றாள். "நீங்க போங்க சார். போயி வாத்தியார்கிட்ட சொல்லுங்க, நாளைக்கு மெட்ராஸ் போவேணாம்னு. எங்க இருந்துச்சுன்னும் நீங்களே சொல்லுங்க."

சார் என்றாள். கோழி வேகும்வரை இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன், மாமியார் விடவில்லை. அப்படி ஒரு கோழியை நான் அதற்கு முன்னும் பின்னும் விழுங்கியதில்லை.

வாத்தியாரிடம் மாடியில் போய்ச் சொன்னேன். அவர் மெட்ராஸ் போவதற்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தார். அப்புறம், "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார். நான் நிறுத்தியிருப்பேன். அவங்க தானாவே படிச்சிருப்பாங்க" என்றார். அதுதான் உண்மை. அவள் தானாகவே படித்திருப்பாள். நானும் தேவையில்லை, அவரும் தேவையில்லை. அந்த ஒரு பேப்பருக்கு ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் அடித்துக்கொண்டதாக நான் நினைத்தேன், அடித்துக்கொண்டது நான் ஒருத்தன்தான். எனக்கு அதுவும் பொறாமையாக இருந்தது. மனுஷன் எவ்வளவு சுலபமாக நிறுத்தியிருப்பேன் என்கிறார்!

திங்கட்கிழமை வந்தாள். சமைத்தாள், படித்தாள், பேசவேண்டியதைப் பேசினாள். புதன்கிழமை விழுப்புரத்துக்கு நான் கூட வருகிறேன் என்றேன். "வேணாம். பாயம்மாவ கூட்டிக்கினு போறேன்" என்றாள். இருவரும் காலை பஸ்ஸில் போனார்கள். பாயம்மா பரீட்சை மண்டபத்து வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். காவல்காரர் யாரம்மா நீங்க என்று கேட்டதற்கு, "நானும் இதே பாடந்தான்" என்றாராம். ரோமானியக் குடும்பமும் திருமணமும் பற்றி ஒரு பெரிய கேள்வி வந்திருந்தது என்று பாயம்மாதான் எனக்குச் சொன்னார். இவள் அதற்கு என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

பாஸ். நல்ல மார்க். ஜூனில் அவலூர்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாத்தியாருக்கு அடுத்த வருஷமே வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏற்றிவிடப் போனேன். மனசார வருத்தமாகத்தான் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பட்டச் சான்றிதழ் தபாலில் வரும் என்று நான் ஆபீசில் காத்திருந்தேன். உறை வந்ததும் அப்படியே பிரிக்காமல், ஓட்டமாக ஓடி, அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன். ஒரு மாதம் பார்த்தேன். வரவில்லை. ஒருநாள் பஜார் வழியாக வரும்போது, மெத்தைக் கடை வாசலில் ஐந்தாறு பேர் கூடி நின்றார்கள். பஞ்சு மூட்டையின்மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் அந்தச் சான்றிதழ். டீக்கடைக்காரர் ஒருதடவை பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து இன்னொரு தடவை பார்த்தார்.

"வாங்க தம்பி, வாங்க," என்றார் பாய். "காலையிலயே வந்துடுச்சு. உங்க வீட்டம்மா பரிச்ச முடிஞ்ச அன்னிக்கே எங்க கட விலாசத்த எழுதிக் குடுத்துட்டாங்களாமே? நீங்க இன்னும் பாக்கலியா?"

எட்டிப் பார்த்தேன். முன்னால் நின்றவர் தோளுக்கு மேலே, அவள் பெயர் மட்டும் தெரிந்தது.